பசுமைக் கட்டுமானப் பொருள் வகுப்புகள்: உங்கள் வேலையை மாற்றியது எது?

ஐந்தடிப்பாதை:

சிங்கப்பூரில் கட்டடக் கலைஞராகத் தொழில் செய்பவர்கள் சான்றிதழைப் புதுப்பிக்கத் தொடர்கல்விப் புள்ளிகள் சேர்க்க வேண்டும். கட்டடக் கலைஞர் கழகம் வகுப்பு நடத்துகிறது, பிராடல் ரோட்டில் உள்ள கட்டட, கட்டுமான ஆணையத்தின் கல்விக்கழகமும் நடத்துகிறது. கண்ணாடி, சாயம் விற்கும் நிறுவனங்களும் மதிய உணவோடு உரைக்கு அழைக்கின்றன. புள்ளி எப்படியும் சேர்ந்துவிடும். எந்த வகுப்புக்குப் பிறகு நீங்கள் வரையும் விதமே மாறியது என்று கேட்கத்தான் இந்த உரையாடலைத் தொடங்குகிறேன்.

எனக்கு அது கடைவீடுகளுக்கான (கீழே கடை, மேலே வீடு என்ற பழைய கட்டடங்கள்) சுண்ணாம்புப் பூச்சுப் பயிற்சி. கொஞ்ச நேரம் பேச்சு, மீதி நேரம் கையில் கரண்டி. பயிற்றுநர் இரண்டு பழைய செங்கற்களை முந்தைய நாளே தண்ணீர்த் தட்டில் நிறுத்தி வைத்திருந்தார். ஒன்றில் சிமெண்ட் பூச்சு, மற்றதில் சுண்ணாம்புப் பூச்சு. சுண்ணாம்பு பூசிய கல்லில் ஈரம் கொஞ்ச உயரம் ஏறி வெளியே ஆவியாகிக்கொண்டிருந்தது. சிமெண்ட் பூசியதில் வெளியேற வழியில்லாமல் ஈரம் கல்லின் உச்சிவரை போயிருந்தது.

சிராங்கூன் ரோட்டுப் பக்கம் பழைய கடைவீட்டுச் சுவர்களில் பெயிண்ட் கொப்பளித்து, வெள்ளையாக உப்புப் பூத்து உதிர்வதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் காலத்துச் செங்கல் மென்மையானது, தரையிலிருந்து தண்ணீரை இழுக்கும். மேலே சிமெண்டால் அடைத்துவிட்டால் தண்ணீர் இன்னும் உயரே ஏறும், உப்பு உள்ளேயே படிகமாகிக் கல்லின் முகத்தைப் பொடியாக்கும். அதை மறைக்க மறுபடியும் சிமெண்ட் பூசுகிறார்கள். நூறு வருடம் நின்ற சுவர் இப்படிப் போவதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. புதிய பொருள் எதுவும் வாங்காமல் பழைய சுவரைக் காப்பாற்றுவதும் நிலைத்தன்மைதான், அதைப் பற்றி வகுப்புகளில் இன்னும் அதிகம் பேச வேண்டும்.

அந்தப் பயிற்சியில்தான் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைப் பற்றியும் விரிவாகக் கேட்டேன். 1856இல் தொடங்கிய அந்தக் கட்டடத்தை எழுப்பியவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். உட்சுவரில் பூசியது மதராஸ் சுண்ணம்: சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர். கடுக்காயும் வெல்லமும் சேர்த்துச் சாந்து அரைத்த ஊர்களிலிருந்து வந்த நமக்கு இது அந்நியமான தொழில்நுட்பம் இல்லை. இப்போது கடைவீட்டு வேலை எடுத்தால், பூச்சு வகையைப் பொருள் விவரக்குறிப்பின் முதல் பக்கத்திலேயே எழுதுகிறேன்.

துவாஸ் சைட்:

அண்ணா, நான் கட்டடக் கலைஞர் இல்லை, ஒப்பந்த நிறுவனத்தில் சைட் பொறியாளர். ஆனால் உங்கள் வகுப்புகளின் விளைவு எங்கள் கையில்தான் வந்து விழுகிறது, அதனால் எழுதுகிறேன்.

ஒரு வேலையில் கட்டடக் கலைஞர் கசடு சேர்த்த கான்கிரீட் கேட்டிருந்தார். இரும்பு உலையில் மிஞ்சும் கசடை அரைத்து, சிமெண்டில் பாதி அளவுக்குக்கூட மாற்றாகப் போடலாம். பலன் பெரியது. சிமெண்ட் தயாரிப்பில் வெளியாகும் கரியமில வாயுவில் ஏறக்குறைய 60 விழுக்காடு எரிபொருளால் வருவதில்லை, சுண்ணாம்புக்கல் சூட்டில் பிரிவதால் வருவது. சிமெண்ட் உலையைச் சூரிய மின்சாரத்தில் ஓட்டினாலும் அது நிற்காது. சிமெண்டின் அளவையே குறைப்பதுதான் நேரான வழி.

சரி, சைட்டில் என்ன நடந்தது? கான்கிரீட் ஊற்றிய அச்சுப் பலகையைக் கழற்றியதும் அது நீலப் பச்சையாக இருந்தது. எங்கள் ஊழியர்களில் பலர் புதுக்கோட்டை, பெரம்பலூர்ப் பக்கம். "சார், கலவை கெட்டுப்போச்சு, இடிக்கச் சொல்லிடுவாங்க" என்று பயந்துவிட்டார்கள். கசடுக் கான்கிரீட்டுக்கு அந்த நிறம் இயல்பு, காற்றுப் பட்டால் சில நாளில் மங்கிவிடும். இது அவர்களுக்கு யாரும் சொல்லாத விஷயம். இன்னொன்று, இந்தக் கலவை ஆரம்பத்தில் மெதுவாகத்தான் வலுப்பெறும். பலகையை வழக்கமான நாளில் கழற்றக்கூடாது, ஈரச் சாக்கை இன்னும் சில நாள் போட்டு வைக்க வேண்டும். வேலை அட்டவணையில் அதற்கு இடமே விடவில்லை.

அன்று அந்தக் கட்டடக் கலைஞர் (அவரும் தமிழர்) சைட்டுக்கு வந்து, ஊழியர்கள் நடுவில் நின்று தமிழிலேயே விளக்கினார். ஏன் இந்தக் கலவை, ஏன் இந்த நிறம், ஏன் பொறுமை வேண்டும் என்று. அதற்குப் பிறகு சாக்கு காயாமல் தண்ணீர் ஊற்றியது அவர்கள்தான், நான் நினைவுபடுத்தவே வேண்டியிருக்கவில்லை. வகுப்பில் படித்தது சுவர்வரை வந்து சேர அந்தப் பேச்சுதான் காரணம்.

மேற்குவெயில்:

நான் சுருக்கமாக. எனக்கு உதவியது வெளிச்சுவர் வெப்பக் கணக்கு வகுப்பு. குளிரூட்டிய கட்டடத்தின் வெளிச்சுவர் வழியாக வரும் வெப்பம் சதுர மீட்டருக்கு இத்தனை வாட்டைத் தாண்டக்கூடாது என்று நம் விதி வரம்பு வைக்கிறது. மென்பொருளில் எண்ணைப் போட்டால் விடை வரும். ஆசிரியை மென்பொருளை மூடிவிட்டுச் சூத்திரத்தைக் கையால் எழுதவைத்தார். கண்ணாடி வழியாகக் கடத்தலில் வரும் வெப்பத்துக்குப் பெருக்கும் எண் 3.4. கண்ணாடி வழியாக நேரே நுழையும் வெயிலுக்கு 211. எழுதிப் பார்த்ததும் புரிந்துவிட்டது: குளிர் நாட்டுக்காரர்கள் பெருமையாகச் சொல்லும் இரட்டைக் கண்ணாடி இங்கே தனியாக அதிகம் சாதிக்காது. வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்த வேண்டும், அல்லது கண்ணாடியின் பரப்பைக் குறைக்க வேண்டும்.

அப்புறம் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2019இல் திறந்த எஸ்டிஇ4 என்ற வடிவமைப்பு, சுற்றுச்சூழல் துறைக் கட்டடத்துக்குப் போனேன். பெரிய கூரை நீட்டம், மிதமாக மட்டும் குளிரூட்டிய காற்று, கூடவே மின்விசிறி. உடம்புக்கு இதமாகவே இருந்தது. வாடிக்கையாளர்களை அங்கே அழைத்துப் போய்க் காட்டுங்கள், படம் காட்டினால் நம்பமாட்டார்கள்.

மரவாடி:

பொறியியல் மரம் (மரப் பலகைகளை அடுக்கி ஒட்டிச் செய்யும் உத்தரம், தூண்) பற்றி யாரும் சொல்லவில்லையே. நன்யாங் பல்கலைக்கழகத்தின் காயா கட்டடம், 2023இல் திறந்தது, 43,500 சதுர மீட்டர். அதைப் பார்த்தவர்கள் எல்லாருக்கும் மரத்தில் கட்ட ஆசை வரும், எனக்கும் வந்தது. நான் போன வகுப்பில் எரித்த உத்தரத் துண்டு ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். வெளியே கரி, அறுத்த முகத்தில் உள்ளே புது மரம். நிமிடத்துக்கு ஏறத்தாழ 0.65 மில்லிமீட்டர்தான் கரியும், அந்தக் கரியே உள்ளிருக்கும் மரத்துக்குக் காப்பு. தீ பற்றிய பயம் அங்கேயே போயிற்று.

ஈரத்தைப் பற்றிய பயம் போகவில்லை, போகவும் கூடாது. நம் ஊரின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். மரத்தின் வெட்டுமுனை தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் தூணின் அடி தரையைத் தொடாமல் கான்கிரீட் மேடையில் நிற்க வேண்டும், முனைகளைத் தொழிற்சாலையிலேயே பூசி மூட வேண்டும், கட்டும் காலத்தில் மழை படாமல் போர்த்த வேண்டும். எங்கள் வகுப்பில் இந்தப் பகுதிக்குக் கடைசிக் கொஞ்ச நேரம்தான் கிடைத்தது. முழு நாளும் இதற்கே கொடுத்திருக்கலாம் என்பேன்.

புதுவரவு:

அக்கா, அண்ணன்மார்களே, பதிவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். பொருள் விற்பவர்கள் எல்லாரும் பசுமைச் சான்றிதழ் இருக்கிறது என்கிறார்கள். எதைக் கேட்டுப் பார்ப்பது?

ஐந்தடிப்பாதை:

தம்பி, பசுமைக் கட்டட மன்றத்தின் பொருள் சான்றிதழில் ஒன்று முதல் நான்கு வரை 'டிக்' இருக்கும். எத்தனை டிக், எந்த மாடலுக்கு, எந்தத் தேதிவரை என்று பார். ஒரு மாடலுக்கு வாங்கிய சான்றிதழை அடுத்த மாடலுக்கும் காட்டுவார்கள். அடுத்து, அந்தப் பொருளின் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை கேள். அது எந்த நாட்டுத் தொழிற்சாலையைப் பற்றியது, கப்பல் பயணக் கணக்கு சேர்ந்திருக்கிறதா என்று பார். கடைசியாக, இங்கே அஞ்சாறு வருடம் மழையில் நின்ற கட்டடம் ஒன்றின் முகவரி கேள். கொடுத்தால் போய்ச் சுவரைத் தொட்டுப் பார், பராமரிப்பவரிடம் பேசு. அந்த முகவரி கிடைக்காத பொருளை நான் பெரிய பரப்பில் போடுவதில்லை.

துவாஸ் சைட் சொன்னதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். கசடுக் கான்கிரீட், சுண்ணாம்புப் பூச்சு, பொறியியல் மரம் மூன்றுக்கும் ஊழியர்களுக்காகத் தமிழில் ஆளுக்கொரு பக்கம் எழுதலாமா? சுண்ணாம்பு என்னுடையது. மரவாடி மரத்தை எடுத்துக்கொள்ளட்டும்.

துவாஸ் சைட்:

கான்கிரீட் பக்கத்தை நான் எழுதுகிறேன் அண்ணா. நிறப் படத்தோடு போடுகிறேன், நீலப் பச்சை எப்படி இருக்கும் என்று முதலிலேயே பார்த்துவிட்டால் பயப்படமாட்டார்கள். எழுதியதை எங்கள் மேஸ்திரியிடம் ஒருமுறை படித்துக் காட்டிவிட்டு அனுப்புகிறேன்.