யாக் காளையில் மாட்டு ரத்தம் கலந்திருக்கிறதா: எந்தப் பரிசோதனையை நம்பலாம்?

பனிவெளி (கேள்வி)

யாக் என்ற பனிமலை மாட்டையும் சாதாரண மாட்டையும் சேர்த்தால் பிறக்கும் ஆண் கலப்பினமான ஜோ மலடு. பெண்ணான ஜோமோ ஈனும். இரு இனத்துக்கும் குரோமோசோம் எண்ணிக்கை 60தான். ஆனாலும் ஜோவின் விரையில் விந்தணு உருவாவது குன்றல் பகுப்போடு (குரோமோசோம் எண்ணிக்கை பாதியாகும் செல் பிரிவு) நின்றுவிடுகிறது. அப்படியிருக்க, மங்கோலிய யாக்குகளின் மரபணுத்தொகுதியில் சுமார் 1.3% மாட்டுடையது என்று 2017இல் வந்த ஆய்வு சொல்கிறது. ஆண் வழி அடைபட்டிருக்கும்போது அது எப்படி உள்ளே வந்தது? இன்னொன்று, பொலிகாளை தேர்ந்தெடுக்கும்போது கலப்பு இருக்கிறதா என்று பார்க்க தாயிடமிருந்து மட்டுமே வரும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவை மட்டும் படித்தால் போதுமா?

சடைமாடு

போதாது. வந்த வழியைப் பார்த்தால் காரணம் புரிந்துவிடும்.

எல்லாம் ஜோமோ வழியாகத்தான் வந்தது. ஜோமோவை யாக் காளையோடு சேர்த்தால் கன்றில் மாட்டுப் பங்கு சராசரியாக 25%. அதன் பெண் கன்றை மறுபடி யாக்கோடு சேர்த்தால் 12.5%, பிறகு 6.25%, அடுத்து 3% சொச்சம். இப்படி யாக்கோடு திரும்பச் சேர்ப்பதுதான் பின்கலப்பு. பொதுவாக மூன்றாவது பின்கலப்பை ஒட்டித்தான் ஆண்களில் வீரியமுள்ள விந்து தென்படத் தொடங்கும். அதற்குப் பிறகு ஆண் வழியும் திறந்துவிடுகிறது.

இப்போது பரிசோதனைக்கு வாருங்கள். முதல் சேர்க்கையில் மாட்டுக் காளையும் யாக் பசுவும் என்றால், சந்ததி முழுவதற்கும் யாக்கின் மைட்டோகாண்ட்ரியாதான் இருக்கும். அறிக்கை "சுத்தம்" என்று வரும், மரபணுத்தொகுதியில் மாடு இருக்கும். மாட்டுப் பசுவும் யாக் காளையும் என்றால் நேர்மாறு: பத்துத் தலைமுறை பின்கலப்புக்குப் பிறகும் தாய்வழியில் மாட்டு மைட்டோகாண்ட்ரியா அப்படியே தொடரும். மாட்டுப் பங்கு அப்போது 0.1%கூட இருக்காது.

ஒய் குரோமோசோமும் உதவாது. மாட்டின் ஒய்யைச் சுமக்கும் மகன் ஜோ, அவன் மலடு. கலப்பு எவ்வளவு இருந்தாலும் மந்தையில் யாக் ஒய்தான் கிடைக்கும்.

உங்கள் கேள்வி பொலிகாளையைப் பற்றியது என்பதால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சினைப்படுத்தும் காளை என்றாலே அதன் மாட்டுப் பங்கு பெரும்பாலும் 6% அளவிலோ அதற்கும் கீழோதான் இருக்கும். ஆகவே பரிசோதனை அந்தச் சிறிய அளவைப் பிடிக்க வேண்டும். பதினைந்து இருபது மைக்ரோசாட்டிலைட் குறிகளால் (டிஎன்ஏவில் திரும்பத் திரும்ப வரும் குறுந்துண்டுகள்) அது ஆகாது.

எழுத்துக்கோவை

மேலே சொன்னது சரி. செய்முறையைச் சேர்க்கிறேன்.

மாதிரி: முழு மரபணுத்தொகுதி வாசிப்புக்கு இடிடிஏ (ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள்) உள்ள குழாயில் 5 மில்லி ரத்தம். ஹெப்பாரின் குழாய் வேண்டாம், அது டிஎன்ஏவை நகலெடுத்துப் பெருக்கும் பிசிஆரைத் தடுக்கும். ரத்தம் எடுக்க முடியாவிட்டால் வேரோடு பிடுங்கிய 20, 30 வால் மயிர், காகித உறையில். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கி டிஎன்ஏ சிதைந்துவிடும். கத்தரித்த மயிர் பயன்படாது.

மாடுகளுக்கான 50கே சிப் (டிஎன்ஏவில் சுமார் 50,000 குறியிடங்களை ஒரேயடியாகப் பார்ப்பது) மலிவானது. அதிலுள்ள பெரும்பாலான குறிகள் யாக்குகளிடையே மாறுபடுவதே இல்லை. அதனால் மந்தையின் பல்வகைமையை அளக்க அது மோசமான கருவி. அதே காரணத்தால், மாட்டுத் துண்டு உள்ளே வந்திருந்தால் தனித்துத் தெரியும். முதல் வடிகட்டலுக்கு அது போதும்.

முழு வாசிப்பில் பலர் இடறுவது, துண்டுகளைப் பொருத்திப் பார்க்கும் ஒப்பீட்டுத் தொகுதியில்தான். வாசிப்புத் துண்டுகளை மாட்டுத் தொகுதியின் மேல் பொருத்தினால், மாட்டு வடிவமுள்ள துண்டுகள் எளிதாக ஒட்டும். கலப்பு கூடுதலாகத் தோன்றும். யாக் தொகுதியின் மேல் பொருத்தினால் குறைவாகத் தோன்றும். நீர் எருமைத் தொகுதியின் மேல் பொருத்துவது நடுநிலையானது. இல்லையென்றால் இரண்டிலும் செய்து முடிவுகள் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒப்பிடக் காட்டு யாக் மாதிரிகள் கட்டாயம் வேண்டும்.

கலப்பு பழையதா புதியதா என்பதைத் துண்டின் நீளம் சொல்லும். கலந்து எத்தனை தலைமுறை ஆயிற்றோ, அந்த எண்ணால் 100ஐ வகுத்தால் சராசரி நீளம் செண்டிமார்கன் என்ற மரபணுத் தூர அலகில் கிடைக்கும். ஒரு செண்டிமார்கன் தோராயமாக 10 லட்சம் டிஎன்ஏ எழுத்து. மூன்று தலைமுறை என்றால் 3 கோடி எழுத்துக்கு மேல். 1,500 ஆண்டுகள், தலைமுறைக்கு 6 ஆண்டு என்று வைத்தால் 250 தலைமுறை, 4 லட்சம் எழுத்துதான். சிறுசிறு துண்டுகளுக்காகக் காளையைக் கழிக்காதீர்கள். ஒரே குரோமோசோமில் கோடிக்கணக்கான எழுத்து நீளத்தில் மாடு தெரிந்தால் அதை ஒதுக்குங்கள்.

பனிவெளி

கொம்பில்லாத யாக்கை அப்படியே ஒதுக்கிவிடலாமா?

சடைமாடு

மங்கோலிய யாக்குகளில் கொம்பில்லாமைக்குக் காரணமான வடிவம் மாட்டிலிருந்து வந்ததுதான். ஆனால் அது முதல் குரோமோசோமில் ஒரே ஓர் இடம். கொம்பில்லாக் காளையின் மீதித் தொகுதி முழுக்க யாக்காகவே இருக்கலாம். கொம்புள்ளதில் கலப்பு மறைந்திருக்கலாம். கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டாம்.

எழுத்துக்கோவை

கலப்பு மிகப் பழையது என்பதற்குத் தொல்லியல் சான்றும் உண்டு. திபெத்தின் பங்கா என்ற இடத்தில், 3,750 மீட்டர் உயரத்தில், சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முந்தைய எலும்புகளில் வளர்ப்பு யாக், மாடு, இரண்டின் கலப்பு மூன்றுமே கிடைத்துள்ளன. மரபணுக் கணக்கு வளர்ப்புத் தொடக்கத்தை 7,300 ஆண்டுகளுக்கு முன்னால் வைக்கிறது. இரண்டையும் ஒரே தேதியாக்க முயல வேண்டாம். முன்னது கையில் கிடைத்த எலும்பின் வயது, பின்னது காட்டு யாக்கிலிருந்து பிரிந்த காலத்தின் மதிப்பீடு. தலைமுறைக் காலத்தையோ மாற்ற வீதத்தையோ சற்று மாற்றினாலே அது நகரும்.

கலப்பு வேண்டுமென்றே செய்பவர்களுக்கும் ஒன்று. ஜோமோவை மாட்டுப் பக்கம் திருப்பிச் சேர்க்காதீர்கள். லடாக்கில் அளந்தபோது முதல் தலைமுறைக் கலப்பினங்களுக்கு யாக்கைப் போலவே நுரையீரல் தமனி அழுத்தம் குறைவாக இருந்தது. மாட்டோடு மறுபடி சேர்த்த கன்றுகளில் சிலவற்றுக்கு உயர்ந்திருந்தது. உயரமான மேய்ச்சலில் அந்தக் கன்றுகளுக்குத்தான் முதலில் மூச்சு வாங்கும்.