மறு: 'பாப் ஆர்ட்' என்பதற்குக் கலைச்சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். விளம்பரம், சித்திரக்கதை, கடைச்சரக்கு ஆகியவற்றின் உருவங்களை எடுத்தாளும் 'பாப் ஆர்ட்' என்ற கலைப்போக்குக்குத் தமிழ்ச்சொல் தேடி, சென்ற வாரம் ஐயா அவர்கள் தொடங்கிவைத்த இந்த மடலிழையில் வந்த சொற்களையும், அவற்றோடு இணைத்திருந்த வரையறையையும் படித்தேன். 'மக்கள் கலை' என்பதை முதலிலேயே தள்ளிவிடலாம். அச்சொல் தமிழில் பறைக்கும் கூத்துக்கும் இடதுசாரி மேடைக்கும் உரியதாகிவிட்டது. மற்றவற்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

> 'வெகுசனக் கலை' என்றே வைத்துக்கொள்ளலாம். 'பாப்' என்பது 'பாப்புலர்' என்பதன் சுருக்கம்தானே?

சுருக்கம்தான், ஆனால் வெகுசனக் கலை என்ற பெயருக்கு உரியது வேறொன்று இருக்கிறது. 1964-இல் அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹால், பிரில்லோ என்ற பாத்திரம் துலக்கும் நார் அடைத்து வரும் அட்டைப்பெட்டியைப் போலவே பிளைவுட்டில் பெட்டிகள் செய்து, எழுத்துகளை ஸ்கிரீன் பிரின்டிங் முறையில் பதித்து, நியூயார்க்கின் ஸ்டேபிள் காட்சிக்கூடத்தில் கிடங்குச் சரக்கைப் போல அடுக்கி வைத்தார். கடைக்குப் போன அசல் அட்டைப்பெட்டியை வடிவமைத்தவர் ஜேம்ஸ் ஹார்வி என்பவர். பிழைப்புக்கு வணிக வடிவமைப்பும் மனத்துக்கு அரூப ஓவியமும் என்று வாழ்ந்தவர் அவர். ஹார்வியின் பெட்டி வெகுசனக் கலை, வார்ஹாலின் பெட்டி பாப் ஆர்ட். இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தால், அந்தக் காட்சியைப் பார்த்த தத்துவ அறிஞர் ஆர்தர் டான்ட்டோ எழுப்பிய கேள்வியை, அதாவது கண்ணுக்கு வேறுபாடு தெரியாத இரண்டு பொருள்களில் ஒன்று மட்டும் எப்படிக் கலைப்படைப்பு ஆகிறது என்பதை, நம்மால் தமிழில் கேட்கவே முடியாமல் போகும்.

இந்தக் குழப்பம் ஆங்கிலத்திலும் இருந்தது. 1950-களில் லண்டனில் கூடி விவாதித்த இண்டிபென்டன்ட் குரூப் என்ற கலைஞர் குழுவைச் சேர்ந்த விமர்சகர் லாரன்ஸ் அலோவே, விளம்பரம், திரைப்படம், பத்திரிகைப் படம் ஆகியவற்றையே 'பாப்' என்று குறித்தார். 1957-இல் அதே குழுவின் ஓவியர் ரிச்சர்ட் ஹாமில்டன் ஒரு கடிதத்தில் பாப் ஆர்ட்டின் இயல்புகளை அடுக்கியபோது, பெருந்திரளுக்கானது, நெடுநாள் நில்லாதது, மலிவானது, இளமையானது என்று அவர் சொன்னவையும் கடைச்சரக்கின் இயல்புகளே. அந்தச் சரக்கிலிருந்து எடுத்து வரையும் ஓவியர்களின் பெயராக அது பின்னரே நிலைத்தது. ஆங்கிலம் பட்ட சிரமத்தை நாமும் பட வேண்டியதில்லை. 'வெகுசனக் கலை' என்பதை மூலச் சரக்குக்கு வைத்துக்கொண்டு, அதை எடுத்தாளும் கலைக்கு வேறு சொல் தேடுவோம்.

> 'பாப் கலை' என்ற ஒலிபெயர்ப்பே போதும்.

இதில் எனக்குப் பெரிய பகை இல்லை. ஆனால் இலங்கைத் தமிழர் 'பொப்' என்று எழுதுவார்கள். பாப் இசையைக் குறிக்கும் 'பொப்பிசை' அங்கே வேரூன்றிய சொல். ஒரே கலைக்களஞ்சியத்தில் இரண்டு எழுத்துக்கூட்டல் வரும். மேலும் ஆங்கிலத்தில் 'பாப்' என்ற அந்த ஓரசை செய்யும் வேலை தமிழில் நடக்காது. 1947-இல் எடுவார்டோ பாவ்லோட்சி என்ற கலைஞர் பத்திரிகைத் துண்டுகளை ஒட்டிச் செய்த ஒரு படத்தில் கைத்துப்பாக்கியின் புகையில் அந்தச் சொல் வெடிக்கிறது. 1956-இல் ஹாமில்டன் ஒட்டிய படத்தில் ஒரு கட்டுமஸ்தான ஆள் பிடித்திருக்கும் குச்சி மிட்டாயின் உறையில் அதே சொல் இருக்கிறது. வெடியோசை, குச்சி மிட்டாய், வெகுசனம் மூன்றும் அந்த ஒரே ஆங்கிலச் சொல்லில் கிடைக்கின்றன. நம் சித்திரக்கதைத் துப்பாக்கிகளோ 'டுமீல்' என்றுதான் வெடிக்கும். 'டுமீல் கலை' என்று சொல்லும் துணிவு எனக்கு இல்லை.

> 'பரப்பிசை' (பாப் இசை) போலப் 'பரப்புக் கலை' எனலாமே?

வந்தவற்றுள் இதுவே சிறந்தது. பரப்பு என்பதற்கு மேற்பரப்பு என்ற பொருளும் உண்டு; ஆழம் இல்லாத மேற்பரப்பாகவே வார்ஹாலின் படங்கள் பேசப்படுவதால் அந்தப் பொருத்தம் ஈர்க்கிறது. என் தயக்கம் பிறவினை பற்றியது. பரப்புதல் என்றால் பரப்புகிறவர் ஒருவர் வேண்டும்; 'பரப்புரை' நினைவுக்கு வந்து, பிரச்சாரக் கலை என்ற மயக்கம் நேரும். இந்த ஓவியர்கள் எதையும் பரப்பவில்லை. ஏற்கெனவே பரவிக் கிடந்ததை எடுத்தார்கள்.

ஆகவே தன்வினையில் 'பரவுரு' என்ற சொல்லை முன்மொழிகிறேன்: பரவு + உரு. 'கதவடைப்பு' எப்படிப் புணர்கிறதோ அப்படியே இதுவும் புணர்ந்தது. எங்கும் பரவிப் பழகிப்போன உருவம் பரவுரு. அதை எடுத்தாளும் கலை பரவுருக் கலை.

இதைப் பொருத்திப் பார்க்க கேம்பெல் நிறுவனத்தின் சூப் டப்பாக்களை வார்ஹால் வரைந்த படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1962-இல் லாஸ் ஏஞ்சலிஸின் ஃபெரஸ் காட்சிக்கூடத்தில், மளிகைக்கடைத் தட்டுப் போன்ற ஒடுங்கிய விளிம்பின்மேல் 32 ஓவியங்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் 20 அங்குல உயரம், 16 அங்குல அகலம், சூப்பின் வகைப்பெயர் மட்டும் வேறு. அடியில் ஓடும் லில்லிப் பூ வரிசையை அவர் அச்சுக்கட்டையால் குத்தினார். நடுவிலுள்ள பதக்கத்தின் நுண்ணிய உருவங்களை விட்டுவிட்டு வெறும் வட்டமாக நிறுத்திக்கொண்டார். அந்த வட்டத்தின் வெறுமையை யாரும் குறையாக எண்ணியதாகத் தெரியவில்லை. பழகிய கண் இல்லாததையும் நிரப்பிக்கொள்ளும். 'பரவுரு' என்று நான் சொல்வது இதைத்தான்.

இன்னொன்று, தற்செயலாகக் கிடைத்தது. தேவாரம் படித்தவர்களுக்குப் 'பரவுதல்' என்றால் போற்றித் தொழுதல். பிட்ஸ்பர்க்கில் பைசாந்திய கத்தோலிக்க ஆலயத்தின் திருவுருவப் பலகைகளைப் பார்த்து வளர்ந்த வார்ஹால், நடிகை மர்லின் மன்றோ இறந்த 1962-ஆம் ஆண்டிலேயே, பொன்வண்ணப் பரப்பின் நடுவே அவருடைய முகத்தைத் தனியே பதித்தார். அதற்கு மூலம் ஒரு திரைப்பட விளம்பரப் புகைப்படம். பரவிய உருவும் பரவப்படும் உருவும் அங்கே ஒன்றாகின்றன. இந்தச் சிலேடையை வரையறையில் ஏற்ற வேண்டாம், உடன் இருந்துவிட்டுப் போகட்டும்.

> வரையறை: பின்நவீனத்துவக் கலை இயக்கத்தின் வெளிப்பாடு.

இங்கே காலம் முரண்படுகிறது. நவீனக் கலையின் கோட்பாடுகளைக் கேள்விக்குள்ளாக்கிய போக்குக்குப் பின்நவீனத்துவம் என்ற பெயர் கலை விவாதத்தில் ஊன்றியது 1970-களில். அமெரிக்க விமர்சகர் ஃபிரெட்ரிக் ஜேம்சன், வான்கோ வரைந்த காலணிகளையும் வார்ஹாலின் வைரத்தூள் காலணிகளையும் எதிரெதிரே வைத்துக் கட்டுரை எழுதியது 1984-இல். ஹாமில்டனின் ஒட்டுப்படம் வந்தபோது அப்படி ஓர் இயக்கம் இல்லை. உயர்கலைக்கும் மலிவுச் சரக்குக்கும் இடையே 1939-இல் கலை விமர்சகர் கிளெமென்ட் கிரீன்பர்க் வகுத்துக் காட்டிய எல்லையைப் பரவுருக் கலைஞர்கள் பொருட்படுத்தவில்லை. பிற்பாடு வந்த பின்நவீனத்துவர்கள் அதில் தங்கள் தொடக்கத்தைக் கண்டார்கள். எனவே வரையறை இப்படி இருக்கலாம்: 'விளம்பரம், சித்திரக்கதை, கடைச்சரக்கு முதலியவற்றில் பரவிய உருவங்களை எடுத்தாண்டு, 1950-களில் பிரிட்டனிலும் அதையடுத்து அமெரிக்காவிலும் எழுந்த கலைப்போக்கு, பின்நவீனத்துவக் கலையின் முன்னோடியாகக் கருதப்படுவது.'

எழுதும்போது 'பரவுருக் கலை' என்று இடம்விட்டே எழுத வேண்டுகிறேன். சேர்த்து எழுதினால் 'உருக்கலை' என்று கண் தனியே பிரித்து, சிற்பத்தை நினைத்துக்கொள்ளும். ஓவியக் கல்லூரிகளில் பாடம் நடத்துவோர் இதை வகுப்பில் ஒருமுறை சொல்லிப் பார்த்து, மாணவர் நாக்கில் எங்கே இடறுகிறது என்று எழுதினால் நல்லது.

அன்புடன்.