எமோஜி தொகுப்பில் நிரல்மொழி ஐகான்கள்: சிசி0 என்று இருந்தால் போதுமா?

நெடில்குறில்:

திறந்த எமோஜி தொகுப்பு ஒன்றைச் சிலர் சேர்ந்து பராமரிக்கிறோம். படங்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் (சிசி) பை-எஸ்ஏ 4.0 உரிமத்தில், அதாவது உரியவர் பெயரைச் சொல்ல வேண்டும், மாற்றினாலும் அதே உரிமத்தில் பகிர வேண்டும். 72×72 கட்டம், 2 பிக்சல் கறுப்புக் கோடு, வரையறுத்த நிறங்கள் மட்டும். பைத்தான், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட், ரூபி, பிஎச்பி, ரஸ்ட், கோ ஏழுக்கும் ஐகான் சேர்த்து ஒரு புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கக் கோரிக்கை) வந்திருக்கிறது. பெரும்பாலானவை சிம்பிள் ஐகான்ஸ் என்ற லோகோத் தொகுப்பிலிருந்து எடுத்து நம் பாணிக்கு மாற்றியவை. "மூலம் சிசி0, சிக்கல் இல்லை" என்கிறார் அனுப்பியவர். சிசி0 என்றால் பதிப்புரிமையை முழுதாக விட்டுக்கொடுப்பது. அப்படியே சேர்க்கலாமா? இதே படங்களிலிருந்து எழுத்துரு ஒன்றையும் உருவாக்கி ஓஎஃப்எல் 1.1 என்ற திறந்த எழுத்துரு உரிமத்தில் வெளியிடும் எண்ணம் இருக்கிறது.

கோட்டோவியன்:

அப்படியே சேர்க்க வேண்டாம். ஒருவர் தனக்கு உரிமை உள்ளதை மட்டும்தான் சிசி0-வில் விட்டுக்கொடுக்க முடியும். சிம்பிள் ஐகான்ஸே தன் பொறுப்புத்துறப்பில், ஒவ்வொரு ஐகானுக்கும் தனி உரிமம் இருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறது. போதாததற்கு, சிசி0-வின் 4(அ) பிரிவு வணிகச்சின்ன உரிமை எதையும் கைவிடுவதில்லை. உங்கள் பை-எஸ்ஏ 4.0-விலும் 2(ஆ)(2) அதையேதான் சொல்கிறது.

ஆக ஒவ்வொரு ஐகானுக்கும் இரண்டு கேள்வி: படத்தின் பதிப்புரிமை யாருடையது, எந்த உரிமத்தில்? வணிகச்சின்னமாக அதைக் காட்ட உரியவர் என்ன விதி வைத்திருக்கிறார்?

ரூபி: 2006-இல் யுகிஹிரோ மட்சுமோட்டோ பெயரில் உள்ள படம், பை-எஸ்ஏ 2.5. மாற்றி வரைந்ததை அதே உரிமத்தின் பிந்தைய பதிப்பில் வெளியிடலாம், எனவே உங்கள் 4.0-வுக்குள் வந்துவிடும். மாற்றாத அசல் கோப்பை ரெப்போவில் (உங்கள் கோப்புக் களஞ்சியத்தில்) வைத்தால் அது 2.5-லேயே இருக்கும், தனியாகக் குறியுங்கள்.

பிஎச்பி: காலின் வீப்ராக் வரைந்தது, பை-எஸ்ஏ 4.0. ஏழில் தலைவலி இல்லாதது இதுதான்.

ரஸ்ட்: லோகோ படம் சிசி பை (பெயரைச் சொன்னால் போதும்), ஆனால் வணிகச்சின்னம் ரஸ்ட் ஃபவுண்டேஷனுடையது. கோ: ரெனே ஃபிரெஞ்ச் வரைந்த கோஃபர் என்ற சின்ன விலங்கும் சிசி பை. எழுத்துகளால் ஆன கோ லோகோ வேறு, அது கூகுளின் சின்னம். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஜாவாஸ்கிரிப்ட்: மஞ்சள் சதுரம் 2011-இல் சமூகத்திலிருந்து வந்தது, அதிகாரபூர்வச் சின்னமே கிடையாது. பெயர் மட்டும் அமெரிக்காவில் ஆரக்கிளின் பதிவில் இருக்கிறது.

பைத்தான்: பைத்தான் சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷனின் வணிகச்சின்னக் கொள்கையை முழுதாகப் படியுங்கள். மொழியைக் குறிக்க லோகோவை அப்படியே காட்டுவதும், அதை மாற்றி வரைந்து வெளியிடுவதும் அங்கே ஒன்றல்ல. ஐயம் இருந்தால் எழுதிக் கேளுங்கள்.

ஜாவா: காபிக் கோப்பையைத் தொடாதீர்கள். ஆரக்கிள் அனுமதியில்லாமல் அந்த லோகோவுக்கு வழியில்லை.

எழுத்துருப்பட்டறை:

ஓஎஃப்எல் பற்றி யாரும் பேசவில்லையே. அதன் 5-ஆவது நிபந்தனைப்படி எழுத்துரு முழுக்க ஓஎஃப்எல்-இல்தான் விநியோகிக்கப்பட வேண்டும். உங்கள் குழு வரைந்த முகங்கள், பூக்கள் எல்லாவற்றுக்கும் பங்களிப்பாளர்கள் சம்மதித்தால் இரட்டை உரிமம் கொடுத்துவிடலாம். ரூபியும் பிஎச்பியும் வேறொருவர் பை-எஸ்ஏ-வில் தந்தவை. அவற்றை ஓஎஃப்எல்-க்கு மாற்ற உங்களுக்கு உரிமையில்லை. எழுத்துருவை உருவாக்கும் பில்ட் ஸ்கிரிப்டில் அந்த இரண்டையும் விலக்குங்கள், அல்லது எழுத்துருவையும் பை-எஸ்ஏ-விலேயே வெளியிடுங்கள்.

இன்னொன்று. உரிமக் குறிப்பை எஸ்விஜி (படக்) கோப்புக்குள் கமெண்டாகவோ மெட்டாடேட்டாவாகவோ எழுதி வைப்பார்கள். கோப்பைச் சுருக்கும் எஸ்விஜிஓ கருவி ஓடியதும் இரண்டும் காணாமல் போகும், அதன் இயல்பான அமைப்பே அப்படி. ஆச்சரியக்குறியோடு தொடங்கும் கமெண்ட் மட்டும் தப்பும். அதை நம்புவதைவிட, ரியூஸ் என்ற உரிமக் குறிப்பு முறைப்படி ஒவ்வொரு எஸ்விஜிக்கும் பக்கத்தில் அதே பெயரில் '.லைசென்ஸ்' பின்னொட்டுடன் ஒரு கோப்பு வையுங்கள். உரியவர் பெயர், எஸ்பிடிஎக்ஸ் அடையாளம் (உரிமத்தின் தரப்படுத்திய சுருக்கப்பெயர்) என இரண்டு வரி போதும். எழுத்துரு வெளியானால், அதற்குள் இருக்கும் நேம் டேபிள் என்ற விவர அட்டவணையில் இந்த எண்ணுள்ள இடங்களை நிரப்புங்கள்: 0 பதிப்புரிமை, 7 வணிகச்சின்னம், 13 உரிம விளக்கம், 14 உரிம முகவரி. அந்த 7-ஐப் பெரும்பாலும் காலியாகவே விட்டுவிடுகிறார்கள்.

நெடில்குறில்:

நன்றி. லோகோவைப் பார்க்காமல் நாங்களே புதிதாக வரைந்தால்? அப்போது பதிப்புரிமைச் சிக்கல் தீருமா?

கோட்டோவியன்:

பார்க்காமல் வரைந்தால் அது லோகோவாகத் தெரியாதே! அடையாளம் தெரியும் அளவுக்கு வரைந்துவிட்டால், கை உங்களுடையதாக இருந்தாலும் தழுவல்தான். எளிய வடிவங்களுக்குப் பதிப்புரிமையே கிடையாது என்ற வாதம் சில நாடுகளில் செல்லும், எல்லா இடத்திலும் செல்லாது. வணிகச்சின்னச் சட்டமோ யார் கை வரைந்தது என்று பார்ப்பதில்லை. பார்ப்பவர் குழம்புவாரா, உரியவரின் ஆதரவு இருப்பதாக நினைப்பாரா என்றுதான் பார்க்கும்.

உங்களுக்கு உண்மையான மோதல் இங்கேதான். சின்ன விதிகள் பொதுவாக 'நிறத்தை மாற்றாதே, விளிம்பு போடாதே' என்கின்றன. உங்கள் பாணி வழிகாட்டியோ நிறத்தை மாற்று, 2 பிக்சல் விளிம்பு போடு என்கிறது. சிசி பை படத்தை மாற்றப் பதிப்புரிமை தடுக்காது, சின்னக் கொள்கை தடுக்கலாம்.

மையொற்றி:

எல்லாவற்றையும் லோகோவாக வைத்தே தீர வேண்டுமா? ரஸ்டின் சின்ன விலங்கான ஃபெர்ரிஸ் நண்டு சிசி0-வில் வந்த படம், ரஸ்ட் லோகோவின் பற்சக்கரத்தில் கை வைக்க வேண்டியதில்லை. ஜாவாவுக்கு டியூக் என்ற சின்னப் பாத்திரம் இருக்கிறது; சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 2006-இல் பிஎஸ்டி உரிமத்தில் திறந்துவிட்டது. ஆனால் "ஜாவா" என்ற பெயர் அப்போதும் ஆரக்கிளுடையதுதான், ஆகவே கோப்புக்கும் எமோஜியை அழைக்கும் குறுக்குப்பெயருக்கும் டியூக் என்றே வையுங்கள். பாம்பு, யானை, நண்டு, வைரக்கல் எல்லாம் யூனிகோடில் ஏற்கெனவே உண்டு. 'பைத்தான்' என்று தேடினால் பாம்பு வரும்படி தேடுசொல் மட்டும் சேர்த்தாலும் பாதி வேலை முடியும்.

லோகோ வேண்டும் என்றால் எமோஜியோடு கலக்காமல் தனி அடைவில், தனி ஜிப்பாக வெளியிடுங்கள். யூனிகோட் லோகோக்களுக்கு எமோஜி இடம் தருவதில்லை, யாரும் தம் விருப்பப்படி பயன்படுத்த விட்டிருக்கும் தனிப்பயன் பகுதிதான் கதி. அங்கேயும் நெர்ட் ஃபான்ட்ஸ் என்ற ஐகான் எழுத்துருத் தொகுப்பு பெரிய பரப்பைப் பிடித்து வைத்திருக்கிறது. டெர்மினலில் பயன்படுத்துவோருக்கு உங்கள் ரூபி வேறு ஐகானாகத் தெரியக்கூடும்.

புல் ரிக்வெஸ்ட் வார்ப்புருவில் ஐந்து கட்டாயப் புலம் போடுங்கள்: மூலப் பக்கத்தின் முகவரி, அது பார்க்கப்பட்ட தேதி, உரிமமும் பதிப்பெண்ணும், உரியவர் பெயர், செய்த மாற்றம். சிசி பை 4.0-வின் 3(அ)(1) பிரிவு கேட்கும் விவரங்களில் முக்கியமானவை இதிலேயே அடங்கிவிடும். சின்னக் கொள்கைப் பக்கம் எப்போது வேண்டுமானாலும் மாறும், அதனால் இணையக் காப்பகத்தில் அன்றைய நகலை எடுத்து அந்த முகவரியையும் ஒட்டச் சொல்லுங்கள். "இணையத்தில் கிடைத்தது", "விக்கிப்பீடியா" என்று மட்டும் வந்தால் திருப்பி அனுப்புங்கள். ஆங்கில விக்கிப்பீடியாவில் இருக்கும் லோகோக்களில் பல நியாயப் பயன்பாட்டின் பேரில் ஏற்றப்பட்டவை, அந்தச் சலுகை உங்கள் தொகுப்புக்கு வராது.