மதராஸ் பீப்பிள்ஸ் பார்க் படம் போட்ட பழைய அட்டை: எந்த வருடம், எந்த இடம்?

உறையூர்வாசி:

எல்லோருக்கும் வணக்கம். அம்மாச்சி வீட்டு டிரங்குப் பெட்டியை ஒழித்தபோது, பத்திரக் கட்டுக்கு நடுவில் ஒரு பட அஞ்சலட்டை கிடைத்தது. என் கொள்ளுத்தாத்தா மதராஸிலிருந்து உறையூரில் இருந்த தன் தம்பிக்கு எழுதியது.

படத்தில் ஒரு குளம், அதன் மேல் சின்ன நடைபாலம். பாலத்தின் கைப்பிடியில் சாய்ந்தபடி தலைப்பாகை கட்டிய ஒருவர் நிற்கிறார். பின்னால் அடர்ந்த மரங்கள். மரங்களுக்கு மேலே ஒரு கோபுரம். அதன் கூரை நான்கு பக்கமும் சரிந்து உச்சியில் கூராக முடிகிறது. கீழே சிவப்பு ஆங்கில எழுத்தில் ‘பீப்பிள்ஸ் பார்க், மெட்ராஸ்’ என்று அச்சிட்டிருக்கிறது.

தபால்தலையை யாரோ பிய்த்துவிட்டார்கள். தேதி முத்திரையும் அதோடு போய்விட்டது. கையெழுத்தும் மங்கல். மேலே ‘சௌமியா’ என்று ஒரு பெயர் மட்டும் ஓரளவு தெரிகிறது. எங்கள் குடும்பத்தில் அந்தப் பெயரில் யாருமே இருந்ததில்லை. யாரோ ஒரு பெண் குழந்தையைப் பற்றி எழுதியிருக்கிறார் என்று அம்மா நினைக்கிறார்.

போன மாதம் சென்னை போனபோது சென்ட்ரலைச் சுற்றி ஒரு மணி நேரம் நடந்தேன். அப்படி ஒரு குளமே கண்ணில் படவில்லை. இது எந்த இடம்? எந்த வருடத்துப் படம்? தெரிந்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

அட்டைப்பெட்டி:

வணக்கம் சகோதரி. இருபது வருடமாகப் பழைய மதராஸ் அட்டைகளைச் சேர்த்து வருகிறேன். முதலில் அந்தக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்வோம். நீங்கள் சொல்லும் கூரை விக்டோரியா பப்ளிக் ஹாலுடையது. ராபர்ட் சிஷோம் வடிவமைத்து, நம்பெருமாள் செட்டி 1888 முதல் 1890 வரை கட்டிய செங்கல் கட்டடம். பூங்கா நிலத்தில் ஒரு துண்டை எடுத்துத்தான் அதைக் கட்டினார்கள். ஆக, படம் அதற்குப் பிந்தியது. ஹால் பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையைப் பார்த்து நிற்கிறது, பூங்கா அதற்குப் பின்னால் வடக்கே விரிந்திருந்தது. படம் எடுத்தவர் பூங்காவுக்குள் நின்று தெற்கே பார்த்திருக்கிறார்.

அடுத்து, படத்தில் எது இல்லை என்று பாருங்கள். அந்தக் கோபுரத்துக்கு வலப்பக்கம் மரங்களுக்கு மேல் வெள்ளையாக ஒரு மணிக்கூண்டு தெரிகிறதா? அது ரிப்பன் கட்டடம், திறந்தது 1913-இல். மரம் மறைக்காத இடத்திலும் அது இல்லையென்றால் படம் அதற்கு முந்தியது.

இன்னும் மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். ஒன்று, பின்பக்கம் நடுவில் கோடு போட்டு, ஒரு பாதி முகவரிக்கும் மறுபாதி செய்திக்கும் பிரித்திருக்கிறதா? பிரிட்டனில் 1902-இல்தான் இதற்கு அனுமதி கிடைத்தது, மற்ற நாடுகள் அதற்கடுத்த சில வருடங்களில் ஏற்றுக்கொண்டன. அதற்கு முன்பு பின்பக்கம் முழுவதும் முகவரிக்கு மட்டும்தான். சேதி எழுத வேண்டுமென்றால் படத்தின் ஓரத்தில்தான் கிறுக்க வேண்டும். இரண்டு, எங்கே அச்சிட்டது என்று பொடி எழுத்தில் இருக்கிறதா? அந்தக் காலத்து அட்டைகள் பல ஜெர்மனியில் அச்சாகிக் கப்பலில் வந்தன. 1914-இல் போர் தொடங்கியதும் அது நின்றுபோனது. மூன்று, படத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தால் ஹாஃப்டோன் என்ற அச்சு முறை. ஒழுங்கில்லாத குருணை மாதிரி இருந்தால் கொலோடைப் என்ற இன்னொரு அச்சு முறை. இரண்டும் இல்லாமல் வழவழவென்று இருந்தால் அசல் புகைப்படத்தாள்.

ஒன்று மட்டும் மனதில் வையுங்கள். படம் எடுத்த ஒரே கண்ணாடித் தகட்டை (நெகட்டிவை) வைத்துக் கடைக்காரர்கள் பல வருடம் அட்டை போட்டு விற்றார்கள். அட்டை எழுதிய வருடம் கிடைத்தாலும், படம் அதற்குப் பத்து வருடம் முந்தியதாக இருக்கலாம்.

அப்புறம், தயவுசெய்து பிவிசி உறைக்குள் போடாதீர்கள், மை ஒட்டிக்கொள்ளும்.

பெரியமேட்டுக்காரன்:

அம்மா, உங்கள் கேள்வியைப் படித்ததும் மனசு எங்கேயோ போய்விட்டது. எனக்கு 74 வயது. பெரியமேட்டில் பிறந்து வளர்ந்தவன். குளம் கண்ணில் படவில்லை என்கிறீர்கள். எப்படிப் படும்? 1859-இல் கவர்னராக வந்த சார்லஸ் டிரெவெல்யன் ஏற்படுத்திய பூங்கா அது. 116 ஏக்கர், உள்ளே பதினொரு குளங்கள். விக்டோரியா ஹால், மூர் மார்க்கெட், ரிப்பன் மாளிகை, ஸ்டேடியம் என்று ஒவ்வொன்றும் ஒரு துண்டை எடுத்துக்கொண்டது. பார்க் ஸ்டேஷன், பார்க் டவுன் என்று பெயர்கள் மட்டும் நிற்கின்றன. “எந்த பார்க் தாத்தா?” என்று என் பேரன் கேட்டான். கையைக் காட்ட எனக்கு ஓர் இடம் இல்லை.

நான் சிறுவனாக இருந்தபோதே பூங்கா சுருங்கிவிட்டது. ஆனால் மிருகக்காட்சிசாலை இருந்தது. எழும்பூர் மியூசியத்தில் எட்வர்ட் பால்ஃபோர் 1855-இல் தொடங்கியதை 1860-களில் இங்கே கொண்டுவந்தார்கள். ஊர் ஜனங்கள் அதை ‘உயிர் காலேஜ்’ என்பார்கள், மியூசியத்துக்கு ‘செத்த காலேஜ்’. ஞாயிற்றுக்கிழமை அப்பா எங்களை நடத்தியே கூட்டிப்போவார். முதலில் மூர் மார்க்கெட்டில் பழைய பாடப்புத்தகம், பிறகு உயிர் காலேஜில் புலி. புலிக்கூண்டு வாசனை இன்னும் மூக்கில் நிற்கிறது. 1985 மே மாதம் மூர் மார்க்கெட் எரிந்தது. அதே வருடம் வண்டலூரில் புதிய மிருகக்காட்சிசாலை திறந்தார்கள்.

அந்தப் பக்கம் அல்லிக்குளம் வணிக வளாகம் என்று ஒன்று இருக்கிறது, பெயரைக் கவனியுங்கள். உங்கள் அட்டையில் இருப்பது அந்தக் குளம்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், பதினொன்றில் ஒன்று. படத்தைப் பெரிதாக்கி இங்கே போடுங்கள் அம்மா. அந்தப் பாலத்தை நான் பார்த்ததில்லை. ஒரு தடவை பார்க்க வேண்டும்.

உறையூர்வாசி:

இருவருக்கும் நன்றி. நகைக்கடை வைத்திருக்கும் மாமாவிடம் லென்ஸ் வாங்கிப் பார்த்தேன். புள்ளி இல்லை, குருணைதான். பின்பக்கம் நடுவில் கோடு இருக்கிறது. ஓரத்தில் ‘ஜெர்மனியில் அச்சிட்டது’ என்று எறும்பு அளவு எழுத்து. கோபுரத்துக்கு வலப்பக்கம் வெறும் வானம்தான், மணிக்கூண்டு இல்லை.

லென்ஸில் அந்த ‘சௌமியா’ வரியும் கொஞ்சம் தெளிந்தது. கடைசியில் கால் இல்லை, ‘சௌமிய’ என்றுதான் இருக்கிறது. பிறகு சுழித்த ஒரு கோடு. அடுத்து ‘ஐப்பசி’, மறுபடி ஒரு சுழி. அதற்கப்புறம் ‘ய’ மாதிரி ஒன்று, ‘உ’ மாதிரி ஒன்று, கடைசியாக இன்னொரு சுழி. பேனா சரியாக எழுதுகிறதா என்று கிறுக்கிப் பார்த்திருப்பாரோ?

பத்திர எழுத்தர்:

கிறுக்கல் இல்லை அம்மா. முப்பது வருடமாகப் பழைய பத்திரம் படிக்கிறேன், தினமும் பார்க்கும் எழுத்துகள் இவை. முதல் சுழி ௵, வருடம். இரண்டாவது ௴, மாதம். மூன்றாவது ௳, நாள். ‘ய’ மாதிரி இருப்பது ௰, பத்து. ‘உ’ மாதிரி இருப்பது ௨, இரண்டு. சேர்த்துப் படித்தால் “சௌமிய வருடம் ஐப்பசி மாதம் 12-ஆம் நாள்”. சௌமிய என்பது அறுபது வருடங்களில் 43-ஆவது. அது 1909 சித்திரையில் பிறந்தது. அதற்கு முந்திய சௌமிய 1849, அடுத்தது 1969. உங்கள் அட்டைக்கு இரண்டும் பொருந்தாது. ஆக, 1909 அக்டோபர் கடைசி வாரம்.

அட்டைப்பெட்டி:

ஐயா, கை கொடுங்கள்! முத்திரை போனாலும் எழுதியவரே தேதியைப் பத்திரமாக வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ரிப்பன் கட்டடத்துக்கு மிண்டோ பிரபு அடிக்கல் நாட்டியது 1909 டிசம்பரில். உங்கள் கொள்ளுத்தாத்தா அட்டை எழுதி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அந்த வலப்பக்கத்து வானம் காலியாக இருந்த கடைசிக் காலம் அது. 600 டிபிஐ-யில் இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்யுங்கள். செய்திப் பக்கத்தைக் கட்டாயம் விடாதீர்கள்.

உறையூர்வாசி:

அம்மாவிடம் சொன்னேன். அட்டையை வாங்கி அந்த ஒரு வரியை மட்டும் நாலைந்து முறை படித்தார். சனிக்கிழமை ஸ்கேன் செய்து போடுகிறேன். பத்திர எழுத்தர் ஐயா, மீதி வரிகளையும் நீங்கள்தான் படித்துத் தர வேண்டும். இப்போதைக்கு லென்ஸில் இன்னும் ஒரே ஒரு சொல் தெரிகிறது, ‘புலி’. பெரியமேட்டு ஐயா, அவரும் உயிர் காலேஜுக்குப் போயிருக்கிறார்.