வளைவுச் சோதனையில் தகடு முறியாமல் பிரிகிறதே, ஏன்?

கேள்வி: அரை மில்லிமீட்டர் அலுமினியத் தகடுகள் மூன்று, நடுவே கால் மில்லிமீட்டர் கண்ணாடி இழைப் படலங்கள் இரண்டு. மொத்தம் 2 மி.மீ. தாங்கிகளின் இடைவெளி 20 மி.மீ. இரு தாங்கிகளில் வைத்து நடுவே அழுத்தும் மூன்று புள்ளி வளைவில் 'டிக்' என்று ஒரு சத்தம், சுமை சரிந்தது. அலுமினியத்தில் ஒரு விரிசல்கூட இல்லை! விளிம்பில் மட்டும் அடுக்குகள் வாய் பிளந்திருந்தன. இதையே வளைவு வலிமை என்று எழுதலாமா?

பதில்: எழுதாதீர்கள் தம்பி. நீங்கள் அளந்தது அடுக்கிடை வெட்டு வலிமை, அதாவது அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிப் பிரியாமல் தாங்கும் அளவு. முழுக்க ஒரே பொருளான உத்திரத்தில் வளைவுத் தகைவு (பரப்பலகில் விழும் விசை), வெட்டுத் தகைவைப்போல் 2L/h மடங்கு; L தாங்கி இடைவெளி, h தடிமன். உங்களுக்கு அது வெறும் 20, அதனால் வெட்டு முந்திக்கொண்டது. இடைவெளியை 64 மி.மீ. ஆக்கினால் அந்த மடங்கும் 64. அப்போது அடுக்கு பிரியும் முன்பே முகப்புத் தகடோ இழையோ தோற்கும்.

இன்னொருவர்: பிரிந்த முகத்தைப் பார்த்தீர்களா? அலுமினியம் பளபளவென்று வெறுமையாக இருந்தால் ஒட்டுதலே கோளாறு. ஏ380 விமானத்தின் மேல் உடற்பகுதியில் உள்ள கிளேர் தகட்டுக்கும் (உங்களுடையதைப் போன்ற அலுமினியம்-கண்ணாடி இழை அடுக்கு) அனோடைசிங் (மின்வேதி முறையில் ஆக்சைடு படலம் வளர்ப்பது), பிரைமர் (ஒட்டுதலுக்கான அடிப்பூச்சு) எல்லாம் உண்டு.

கேள்வி கேட்டவர்: பளபளப்புதான் ஐயா. உப்புத்தாள் தேய்த்து அசிட்டோனால் துடைத்ததோடு நிறுத்திவிட்டேன். முதலில் அனோடைசிங், பிறகு 64 மி.மீ. இடைவெளி.