பங்குனி ஆமைக் குஞ்சுகளின் பாலினமும் மணலின் வெப்பமும்

நெய்தல்வாசி:
சென்னைக் கடற்கரையில் பங்குனி ஆமைகள் இடும் முட்டைகளைத் தன்னார்வலர்கள் சேகரித்து, வேலியிட்ட பொரிப்பகத்தில் புதைத்துக் காக்கிறார்கள். அக்குஞ்சுகள் ஆணா பெண்ணா என்பதை மணலின் வெப்பமே முடிவு செய்கிறது என்று படித்தேன். அது எவ்வாறு நிகழ்கிறது? வெயில் ஏறும் மாதங்களில் பொரிப்பகத்துக்கு நிழல்பந்தல் போடுவது சரியா?

அகிலன்:
கடலாமைகளுக்குப் பாலினக் குரோமோசோம்கள் இல்லை. ஏறத்தாழ 29 முதல் 30 டிகிரி செல்சியஸில் இருபாலும் கலந்து பிறக்கும். அதற்குக் கீழே ஆண்களும் மேலே பெண்களும் மிகும். அடைகாலம் முழுவதும் அல்ல, அதன் நடு மூன்றிலொரு பங்கில் நிலவும் வெப்பமே இதைத் தீர்மானிக்கிறது. அப்போது கருவின் இனப்பெருக்கச் சுரப்பி விந்தகமாகவோ சூலகமாகவோ வளரக்கூடிய நிலையில் இருக்கும். வெப்பம் கூடினால் அரோமடேஸ் என்னும் நொதி பெருகி, ஆண்ட்ரோஜன் என்னும் ஆண் ஹார்மோனை ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோனாக மாற்ற, சூலகம் உருவாகிறது. சிவப்புக்காது நன்னீர் ஆமையில் 2018இல் வெளியான ஆய்வொன்று இன்னும் ஆழமாகச் சென்றது: குளிர்ச்சியில் செயல்படும் ஒரு மரபணுவை அடக்கியபோது, ஆண்கள் பிறக்க வேண்டிய 26 டிகிரியிலேயே, பிழைத்த கருக்களில் 80 விழுக்காட்டுக்கு மேல் பெண்ணாயின.

முல்லை:
இவ்விதியை எல்லா ஊர்வனவற்றுக்கும் நீட்டிவிடக் கூடாது. சதுப்புநில முதலையின் முட்டைகளை 31 டிகிரிக்குள் அடைகாத்தால் பெண்களே பிறக்கும், 32.5 அளவில் ஆண்கள். அதற்கும் மேலே மீண்டும் பெண்கள் தோன்றும். கோழிப் பண்ணையாளர்கள் சிலர் பொரிப்பானின் சூட்டை மாற்றிப் பெட்டைக் குஞ்சுகளை மிகுதியாகப் பெறலாம் என நம்புகிறார்கள். பறவைகளில் பாலினம் குரோமோசோமால் முன்பே முடிவாகிவிடுவதால் அது பலிக்காது.

கரையோரன்:
பந்தல் தேவைப்படலாம், ஆனால் கூட்டின் ஆழத்தில் வெப்பமானி வைத்து அளந்த பிறகே அம்முடிவை எடுக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டின் வடபகுதியில் இளம் பச்சை ஆமைகளில் 99 விழுக்காட்டுக்கு மேல் பெண்களே என்று 2018இல் கண்டறிந்தார்கள். ஆகவே கவலை நியாயமானது. எனினும் ஓர் ஆண் பல பெண்களுடன் இணையும் என்பதால், பாதிக்குப் பாதி என்பதை இலக்காகக் கொள்ளத் தேவையில்லை. கூடு 35 டிகிரியைத் தொட்டால் கருக்களே மடியத் தொடங்கும் என்பதால், அந்நிலையில் தயங்காமல் நிழல் தர வேண்டும். என் கருத்தில் அதைவிட முதன்மையானது, மணல் இன்னும் குளிர்ந்திருக்கும் தை, மாசியில் இடப்படும் முட்டைகளை ஒன்றும் தவறாமல் காப்பது. ஆண் குஞ்சுகள் கிடைக்க வாய்ப்பு மிகுந்த கூடுகள் அவையே.

நெய்தல்வாசி:
மிக்க நன்றி. பொரித்த குஞ்சைப் பார்த்தே பாலினம் அறிய முடியுமா?

கரையோரன்:
முடியாது. வெளித்தோற்றத்தில் வேறுபாடு பருவமடையும்போதுதான் தெரியும். அதனால்தான் கூட்டின் வெப்பப் பதிவைக் கொண்டு மதிப்பிடுகிறார்கள்.