டாட்ஜ் சேலஞ்சர்: காலையில் ஸ்டார்ட் செய்ததும் முன்பக்கம் கடகட சத்தம், அவசர உதவி

ஓஹையோ_கார்த்தி:
நண்பர்களே, அவசரம். என் சேலஞ்சரைக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் எஞ்சின் முன்பக்கம் கடகடவென்று சத்தம். முன்பெல்லாம் சற்று நேரத்தில் அடங்கிவிடும். இப்போது சூடான பிறகும் விடாமல் கேட்கிறது. டைமிங் செயின் செட் வரவழைத்தேன், துளியும் பொருந்தவில்லை. கடைக்காரர் "சேலஞ்சருக்கு இதுதான்" என்று சாதிக்கிறார். சனிக்கிழமை வண்டி வேண்டும். என்ன செய்யலாம்?

ஸ்பேனர்_செல்வம்:
எந்த வருடம்? என்ன எஞ்சின்? ஆயில் லைட் எரிகிறதா?

மோபார்_மணி:
எஞ்சின் எத்தனை கன அங்குலம்: 318-ஆ, 340-ஆ, 383-ஆ, 440-ஆ? இதைச் சொல்லாமல் உதவி கேட்டால் எப்படி? 318 என்றால் லிஃப்டரில் (வால்வைத் தூக்கும் பாகம்) ஆயில் வடிந்திருக்கும், அந்தச் சத்தம்தான். இருபது வருடமாக இந்த வண்டிகளோடு கிடக்கிறேன், கேட்காமலே சொல்வேன்.

டெட்ராய்ட்_தம்பி:
புது மாடலா அண்ணா? 5.7 லிட்டர் ஹெமியில் (அரைக்கோள எரி அறை கொண்ட எஞ்சின்) எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு போல்ட் உடைந்தால் காலையில் இப்படித்தான் தட்டும். சூடானதும் குறையும்.

ஓஹையோ_கார்த்தி:
81 மாடல். 2.6 லிட்டர், நாலு சிலிண்டர். ஆயில் லைட் எரியவில்லை.

மோபார்_மணி:
இதை முதல் வரியிலேயே சொல்லியிருக்க வேண்டும் தம்பி. நீங்கள் வைத்திருப்பது சேலஞ்சரே இல்லை. சேலஞ்சர் என்றால் 1970 முதல் 74 வரை வந்தது. 426 ஹெமி, 425 குதிரைத்திறன். 78-லிருந்து 83 வரை அந்தப் பெயரில் விற்றது ஜப்பானிலிருந்து கப்பலில் வந்த மிட்சுபிஷி கலான்ட் லாம்ப்டா. பெயர்ப் பலகையை மட்டும் மாற்றினார்கள். அதன் சத்தத்துக்கு இங்கே பதில் தேட வேண்டாம்.

ஸ்பேனர்_செல்வம்:
மணி அண்ணே, கேட்டவருக்குப் பதில் கிடைக்கட்டும், விடுங்கள்.

கார்த்தி, அந்த மிட்சுபிஷி சங்கதிதான் உங்களுக்குத் தேவை. இனிமேல் "சேலஞ்சர்" என்று சொல்லி ஸ்பேர் கேட்கவே கேட்காதீர்கள். ஒன்று பழைய சேலஞ்சரின் V8 (எட்டு சிலிண்டர்) சாமானை எடுத்து நீட்டுவார்கள், இல்லையென்றால் 2008-க்குப் பிறகு வந்த வண்டிக்குப் போவார்கள். மிட்சுபிஷி 2.6, எஞ்சின் குறியீடு 4ஜி54 என்று கேளுங்கள். எண்பதுகளின் ராம் 50 பிக்கப், டாட்ஜ் ரைடர், மிட்சுபிஷி மொன்டேரோ, கிரைஸ்லரின் கே-கார் என்ற சின்ன கார் வரிசை எல்லாவற்றிலும் இந்த எஞ்சின் வந்தது. பிளிமத் சப்போரோ உங்கள் வண்டிக்கு இரட்டைப் பிறவி.

சத்தத்துக்கு வருவோம். இந்த எஞ்சினில் இரண்டு செயின் உண்டு. ஒன்று கேம்ஷாஃப்டுக்கு. இன்னொன்று சைலன்ட் ஷாஃப்டுகளுக்கு. பெரிய நாலு சிலிண்டர் எஞ்சின் இயல்பாகவே அதிரும். அதை அடக்க பிளாக்கின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஷாஃப்ட் கிராங்கைப் போல இரண்டு மடங்கு வேகத்தில், ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சுற்றும். போர்ஷே 944-க்கே மிட்சுபிஷியிடம் உரிமம் வாங்கித்தான் இதைப் போட்டார்கள். வயதானால் அந்தச் செயினின் கைடுகள் (செயினை ஆடாமல் பிடிக்கும் பட்டைகள்) தேய்ந்து, செயின் ஆடி, கவரை உரச ஆரம்பிக்கும். உங்களுக்குக் கேட்பது அதுவாகத்தான் இருக்கும்.

வால்வ்_வாசு:
நான் ஒத்துக்கொள்ளவில்லை. இது டேப்பெட், அதாவது வால்வ் இடைவெளி தப்பான சத்தம். இந்த எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இன்டேக், எக்ஸாஸ்ட் தவிர ஜெட் வால்வ் என்று மூன்றாவதாகச் சின்ன வால்வ் ஒன்று உண்டு. அதை யாரும் தொடுவதே இல்லை. முதலில் ஜெட் வால்வ் இடைவெளியை வைத்துவிட்டுத்தான் இன்டேக்கைத் தொட வேண்டும். மாற்றிச் செய்தால் இரண்டும் தப்பாகிவிடும். எத்தனையோ மெக்கானிக்குகள் இதைக் கோட்டை விடுகிறார்கள்.

ஸ்பேனர்_செல்வம்:
ஜெட் வால்வ் விஷயம் சரி. ஆனால் டேப்பெட் சத்தம் மேலே வால்வ் கவரில் கேட்கும், அவர் முன்பக்கம் என்கிறார். கார்த்தி, நீளமான ஸ்க்ரூடிரைவர் முனையை டைமிங் கவரில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேளுங்கள். ஃபேனிடம் ஜாக்கிரதை. அப்புறம் வால்வ் கவரில் வைத்துக் கேளுங்கள். எங்கே பலமாக இருக்கிறதோ அதைச் சொல்லுங்கள்.

டெட்ராய்ட்_தம்பி:
அந்தச் சைலன்ட் ஷாஃப்ட் செயினையே கழற்றிப் போட்டுவிடலாமே அண்ணா? கொஞ்சம் அதிரும், அவ்வளவுதானே?

ஸ்பேனர்_செல்வம்:
ஐயையோ, அதை மட்டும் செய்துவிடாதீர்கள். ஆயில் பம்பைச் சுற்றுவதே அந்தச் செயின்தான். கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்தால் பேரிங் அத்தனையும் போய்விடும். ஷாஃப்டை நீக்குவதற்கென்றே கிட் விற்கிறார்கள். அதைப் போட்டாலும் பம்புக்குச் செயின் இருந்தே ஆக வேண்டும்.

மோபார்_மணி:
இதற்குத்தான் சொன்னேன். V8-இல் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. ஒரு பெரிய பெயரைக் கொண்டுபோய் நூற்றுச் சொச்சம் குதிரைத்திறன் வண்டியில் ஒட்டினால் அந்தப் பெயருக்குத்தான் அவமானம். கே-காரில் இதே 2.6-க்கு "ஹெமி" என்று வேறு ஒட்டினார்கள். மனது ஆறவில்லை.

வால்வ்_வாசு:
அதன் எரி அறை அரைக்கோள வடிவம்தானே, அப்படிப் போட்டதில் பொய் என்ன?

மோபார்_மணி:
7 லிட்டர் ஹெமியும் இதுவும் ஒன்றா?

சியலோ_பிரியன்:
சென்னையிலிருந்து எழுதுகிறேன். போன்டியாக் லெமான்ஸும் இதே கதைதான். 1964-இல் போன்டியாக்கின் பெயர்பெற்ற V8 வண்டி ஜிடிஓ முதன்முதலில் வந்ததே டெம்பெஸ்ட் லெமான்ஸுக்கான ஆப்ஷன் பேக்கேஜாகத்தான். அந்தப் பெயரை 1988-இல் கொரியாவில் டேவூ கட்டிய சின்ன ஹேட்ச்பேக்குக்கு வைத்தார்கள். வடிவமைப்பு ஓப்பல் காடெட். அதே காடெட்டைப் புதுப்பித்து 1995-இல் இந்தியாவில் சியலோ என்று விற்றார்கள். எங்கள் வீட்டில் சியலோ இருந்தது, நல்ல வண்டி. இங்கே அதை யாரும் பழைய V8-ஓடு ஒப்பிட்டு ஏசவில்லை. சொந்தப் பெயரோடு வந்ததால் அதன் குறை நிறையோடு பார்த்தார்கள்.

டெட்ராய்ட்_தம்பி:
ஷெவர்லே நோவாவும் அப்படித்தானே இறக்குமதி?

சியலோ_பிரியன்:
இல்லை தம்பி. 85-இல் வந்த நோவா உள்ளே டொயோட்டா கரோலாதான், ஆனால் கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட் ஆலையில் கட்டியது. இறக்குமதி இல்லை.

மோபார்_மணி:
எங்கே கட்டினால் என்ன? பழைய நோவாவில் 396 கன அங்குல V8 வந்தது. பெயரைக் கேட்டு நம்பி வந்தவனுக்கு என்ன கொடுத்தார்கள்?

ஸ்பேனர்_செல்வம்:
அண்ணே, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதை அந்த வண்டிமேல் காட்டாதீர்கள். லாம்ப்டா அழகான கூப்பே. நாலு சிலிண்டரிலேயே அத்தனை அமைதியாக ஓட்டிக் காட்டிய வண்டி. 71-இல் கிரைஸ்லர் மிட்சுபிஷியில் பங்கு வாங்கியிருந்தது, அமெரிக்காவில் விற்க இவர்கள் பெயர் வேண்டியிருந்தது. பிளிமத்காரர்கள் சப்போரோ என்று புதுப்பெயர் வைத்தார்கள், ஒரு வம்பும் இல்லை. டாட்ஜும் அப்படிச் செய்திருந்தால் இன்று கார்த்தி V8 செயினைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருக்க மாட்டார்.

கார்த்தி, கேட்டுப் பார்த்தீர்களா? சத்தம் டைமிங் கவரில்தான் என்றால், கவரில் சின்ன மூடி ஒன்று இருக்கும். அதைத் திறந்தால் உள்ளே கைடின் போல்ட் தெரியும். போல்டைத் தளர்த்தி, கைடை விரலால் மட்டும் தள்ளி, செயின் இறுகியதும் போல்டை முடுக்குங்கள். நெம்புகோல் போட்டுத் தள்ளக் கூடாது. கவரை முழுக்கக் கழற்றாமலே இதைச் செய்யலாம். கேம் ஸ்ப்ராக்கெட்டைக் கழற்றும் எண்ணம் இருந்தால் செயினைத் தளரவிடாதீர்கள். செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் பிளஞ்சர் வெளியே வந்துவிடும், அப்புறம் கவரைக் கழற்றாமல் முடியாது.

வால்வ்_வாசு:
அதோடு டேப்பெட்டையும் பார்த்துவிடுங்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போது பாருங்கள்.

ஓஹையோ_கார்த்தி:
கவரில்தான் சத்தம். மூடியைத் திறந்து இறுக்கினேன், பாதி குறைந்தது. ஆயிலை வடித்ததில் கறுப்பாக உடைந்த துண்டு ஒன்று வந்தது. ராம் 50 என்று கேட்டு செயின், கைடு செட் ஆர்டர் போட்டாயிற்று. சனிக்கிழமைக்கு வேறு வண்டி. நன்றி.

ஸ்பேனர்_செல்வம்:
அந்தத் துண்டு கைடுதான். ஒரு துண்டு வந்தால் மிச்சமும் உள்ளே கிடக்கும். செயின் மாற்றும்போது ஆயில் பேனையும் இறக்கி, பம்ப் உறிஞ்சும் வலையைச் சுத்தம் செய்யுங்கள். அதுவரை வண்டியை எடுக்க வேண்டாம்.

டெட்ராய்ட்_தம்பி:
அண்ணா, முடிந்ததும் போட்டோ போடுங்கள்.